ரோமானியப் பன்னிருமுகி கையுறை பின்னும் கருவிதானா?

வெண்கலப் பன்னிருமுகி ஒன்றின் நகலை வைத்துக் கம்பளிக் கையுறையின் விரல்களைப் பின்னிக் காட்டும் காணொளியைப் பார்த்துவிட்டு, “இதற்குப் பிறகும் தொல்லியலாளர்கள் இதன் பயன் தெரியவில்லை என்று சொல்வது ஏன்? வீட்டில் பின்னல் வேலை செய்கிற ஒருவர் கண்டுபிடித்ததை ஒப்புக்கொள்ள அவர்களுக்கு மனம் வரவில்லையா?” என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. ஒன்று, அந்தப் பொருள் எதற்குப் பயன்பட்டது என்பது. மற்றது, ஒரு பொருளைக் கொண்டு இன்று ஒரு வேலையைச் செய்ய முடிகிறது என்றால், அன்றும் அந்த வேலைக்காகவே அதைச் செய்தார்கள் என்று கொள்ளலாமா என்பது. முதல் கேள்விக்கு உறுதியான விடை இன்று யாரிடமும் இல்லை. இரண்டாவதற்கு விடை உண்டு. அதைப் பிடித்துக்கொண்டால் முதல் கேள்வியில் எவ்வளவு தூரம் போகலாம் என்பதும் விளங்கிவிடும். நான் அருங்காட்சியகம் ஒன்றின் வேதியியல் பாதுகாப்புப் பிரிவில் பல ஆண்டுகள் வெண்கலப் பொருள்களைத் தூய்மை செய்து, ஆய்ந்து, பதிவு செய்யும் பணியில் இருந்தவன். ரோமானியப் பன்னிருமுகி எதையும் கையில் எடுத்து ஆய்ந்ததில்லை. கண்ணாடிப் பேழைக்கு வெளியே நின்று பார்த்ததும், வெளியாகியிருக்கும் அளவீடுகளையும் ஆய்வுகளையும் படித்ததும்தான் எனக்கு இதில் உள்ள பழக்கம். ஆகவே உலோகத்தைப் பற்றிச் சொல்லும்போது தொழில் அறிந்தவனாகவும், ரோமானிய வரலாற்றைப் பற்றிச் சொல்லும்போது ஒரு வாசகனாகவும் என்னை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐயத்துக்கு இடமில்லாதவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பன்னிருமுகி என்பது ஒரே அளவுள்ள 12 ஐங்கோண முகங்கள் சேர்ந்து உருவாகும் திண்ம வடிவம். ரோமானியப் பன்னிருமுகி உள்ளீடற்றது, செப்புக் கலவையில் வார்க்கப்பட்டது, ஏறத்தாழ 4 முதல் 11 சென்டிமீட்டர் வரை குறுக்களவு கொண்டது. முகம் ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு வட்டத் துளை இருக்கும். அந்தத் துளைகள் ஒரே பொருளிலேயே ஒன்றுக்கொன்று அளவில் மாறுபடும். சிறியது 6 மில்லிமீட்டர் அளவிலும் பெரியது 40 மில்லிமீட்டர் அளவிலும் இருக்கலாம். எதிரெதிர் முகங்களில் உள்ள துளைகளும் பொதுவாக ஒத்துப்போவதில்லை. மூன்று முகங்கள் கூடும் 20 முனைகளிலும் ஒவ்வொரு சிறு உருண்டைக் குமிழ் நிற்கும். சிலவற்றில் துளையைச் சுற்றி ஒருமைய வட்டங்கள் கீறப்பட்டிருக்கும். எண்ணோ எழுத்தோ அளவுக்கோடோ இருக்காது. மெழுகில் உருவம் செய்து, மண் பூசிச் சுட்டு, மெழுகை உருக்கி வெளியேற்றிய வெற்றிடத்தில் உலோகத்தை வார்க்கும் முறையில்தான் இவை செய்யப்பட்டன என்று கருதப்படுகிறது. சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் கையாளும் முறையும் அடிப்படையில் இதுவே. உள்ளீடற்ற உடல், மெல்லிய சுவர், இருபது குமிழ்கள், பன்னிரண்டு துளைகள் ஆகிய இத்தனையையும் ஒரே வார்ப்பில் கொண்டுவருவது எளிய வேலை இல்லை. அதைச் செய்தவன் தேர்ந்த கைவினைஞன், செய்யச் சொன்னவனிடம் பணம் இருந்திருக்கிறது என்பது வரை தயங்காமல் சொல்லலாம்.

இப்பொருள் முதன்முதலாக அறிஞர்கள் முன் வந்தது 1739-ல். இங்கிலாந்தின் ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் ஆஸ்டன் என்னும் ஊரில் கிடைத்த ஒன்றை லண்டன் தொல்பொருள் கழகத்தின் கூட்டத்தில் காட்டினார்கள். அன்று தொடங்கி இன்றுவரை ஏறத்தாழ 130 பன்னிருமுகிகள், சில முழுமையாகவும் சில துண்டுகளாகவும், கிடைத்திருக்கின்றன. இன்றைய பிரிட்டன், பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா ஆகிய நாடுகளிலும் கிழக்கே ஹங்கேரி வரையிலும் கிடைத்துள்ளன. இத்தாலியில் இல்லை, ஸ்பெயினில் இல்லை, வட ஆப்பிரிக்காவில் இல்லை, கிரேக்க மொழி பேசிய கிழக்கு மாகாணங்களிலும் இல்லை. அதாவது கெல்டிய மக்கள் வாழ்ந்து பின்னர் ரோமின் ஆட்சிக்குள் வந்த வடமேற்குப் பகுதிகளோடு இது நின்றுவிட்டது. காலம் கி.பி. 2 முதல் 4-ஆம் நூற்றாண்டு வரை. அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது மதுச்சாடிகளும் இத்தாலிய மட்பாண்டங்களும் கிடைத்தன, கொங்கு நாட்டில் ரோமானியக் காசுகள் குவியலாகக் கிடைக்கின்றன. அப்படிக் கடல் கடந்து வந்த மத்தியதரைக் கடல் உலகத்தின் பொருள்களோடு பன்னிருமுகி சேர்ந்ததே இல்லை. இந்தப் பரவல் எல்லை எந்த விளக்கத்துக்கும் முதல் சோதனை. ரோமானியப் பேரரசு முழுவதற்கும் தேவைப்பட்ட ஒரு கருவி என்று யாராவது சொன்னால், ரோமிலேயே அது ஏன் கிடைக்கவில்லை என்பதற்கு அவர் விடை சொல்லியாக வேண்டும்.

இனி கையுறைக்கு வருகிறேன். அந்த விளக்கத்தை ஏளனமாகத் தள்ளிவிடக் கூடாது. அதில் உண்மையான கூர்மை ஒன்று உண்டு. குமிழ்களில் நூலை மாட்டிக் கண்ணி கோத்து, பின்னிய குழாயைத் துளை வழியே உள்ளே இறக்குவது என்பது பல நாடுகளில் குழந்தைகள்கூடச் செய்யும் பின்னல் முறைதான். குமிழ்களுக்கு ஒரு வேலை கொடுக்கிறது, துளைகளுக்கு ஒரு வேலை கொடுக்கிறது, குளிர்ப் பகுதிகளில் மட்டும் இப்பொருள் கிடைப்பதற்கும் ஒரு காரணம் சொல்கிறது. வேறு பல விளக்கங்கள் குமிழ்களைப் பற்றி வாயே திறப்பதில்லை என்பதை நினைத்துப் பார்த்தால் இது மதிக்கத்தக்க முயற்சி. ஆனால் பன்னிருமுகியின் வடிவத்தைக் கொஞ்சம் நிதானமாக நோக்குங்கள். இந்த முறையில் பின்னும்போது குழாயின் அகலத்தைத் தீர்மானிப்பது எத்தனை குமிழ்கள் இருக்கின்றன, அவற்றுக்கிடையே எவ்வளவு தூரம் இருக்கிறது என்பவையே. துளை, பின்னி முடித்த பகுதி இறங்குவதற்கான வழி மட்டும். பன்னிருமுகியின் எல்லா முகங்களும் ஒரே அளவானவை என்பதால், எந்த முகத்தில் பின்னினாலும் ஐந்து குமிழ்கள், ஒரே இடைவெளி. துளை பெரியதாக இருந்தாலும் சிறியதாக இருந்தாலும் விரல் ஒரே அகலத்தில்தான் வரும். அப்படியானால் கட்டைவிரலுக்கு ஒரு துளை, சுண்டுவிரலுக்கு ஒரு துளை என்று சொல்லப்படுவது நிற்கவில்லை. துளைகளை வேண்டுமென்றே வேறு வேறு அளவில் அமைத்ததற்கு, அதாவது இப்பொருளின் மிக விசித்திரமான கூறுக்கு, இந்த விளக்கத்தில் காரணமே இல்லாமல் போகிறது. 6 மில்லிமீட்டர் துளை வழியே கம்பளிக் குழாயைப் பிழிந்துதான் இறக்க வேண்டியிருக்கும்.

அடுத்தது காலம். ரோமானியர் காலத்து எகிப்திலிருந்து கம்பளிக் காலுறைகள் கிடைத்துள்ளன. அவை ஒற்றை ஊசியால் நூலை முடிச்சு முடிச்சாகக் கோத்துச் செய்தவை. இரண்டு ஊசி கொண்டு பின்னிய துணிகளில் இன்று நம்மிடம் இருக்கும் மிகப் பழையவையும் எகிப்தைச் சேர்ந்தவையே; அவை ஏறத்தாழ 11-ஆம் நூற்றாண்டினவை. குமிழில் நூல் மாட்டிப் பின்னும் முறைக்குச் சான்று அதைவிடவும் பிந்தியது. துணி எளிதில் மக்கிவிடும் பொருள் என்பதால் இதை மட்டும் வைத்து ஒரு முடிவுக்கு வரக் கூடாது என்று நீங்கள் சொன்னால் ஒப்புக்கொள்வேன். ஆனால் பிரிட்டனின் வட எல்லையில் விண்டொலாண்டா கோட்டையில் கிடைத்த மரப்பலகை மடல்களில், கி.பி. 100-ஐ ஒட்டிய ஒன்றில், யாரோ ஒரு வீரனுக்குக் காலுறைகளும் இரண்டு சோடி செருப்பும் இரண்டு சோடி உள்ளாடையும் அனுப்பி வைத்திருப்பதாக எழுதியிருக்கிறது. குளிரும் அதற்கான உடுப்பும் அங்கே அன்றாடப் பேச்சு. அந்தத் தேவையை ஊசியும் தறியும் நிறைவேற்றின. நான்கு ஆணி அடித்த மரத்துண்டில் முடியும் வேலைக்கு, இவ்வளவு செலவு பிடிக்கும் வெண்கல வார்ப்பு எதற்கு என்ற கேள்வியும் நிற்கிறது.

என் தொழிலிலிருந்து நான் அழுத்திச் சொல்ல விரும்புவது தேய்மானத்தைப் பற்றி. பயன்பட்ட உலோகம் தன் பயனைத் தன் மேல் எழுதி வைத்திருக்கும். கோயில் தூக்குவிளக்கின் சங்கிலியைக் கையில் எடுத்துப் பாருங்கள்: வளையங்கள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் மட்டும் கம்பி மெலிந்திருக்கும், மற்ற இடத்தில் வார்த்த கனம் அப்படியே இருக்கும். மணியின் நாக்கு படும் இடம் பள்ளமாக இருக்கும், தராசுத் தட்டின் துளைகள் கயிறு இழுத்த திசையில் நீண்டிருக்கும். களிம்பு ஏறிய பழம்பொருளில் மெருகு அழிந்துபோகலாம், ஆனால் இப்படி உருவமே மாறும் தேய்மானத்தைக் களிம்பு மறைக்காது. பார்க்கத் தெரிந்தவருக்கு அது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். பன்னிருமுகியில் நூல் ஆண்டுக்கணக்கில் இழுபட்டிருந்தால் குமிழ்களின் கழுத்தில் பளபளப்போ மெல்லிய வரியோ இருக்க வேண்டும், துளையின் விளிம்பு உள்நோக்கி மழுங்கியிருக்க வேண்டும். பதிவான பன்னிருமுகிகளில் அத்தகைய தேய்மானம் பொதுவாகக் காணப்படுவதில்லை. இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் நார்ட்டன் டிஸ்னி என்ற ஊரில் 2023 கோடையில் கிடைத்தது, ஏறத்தாழ முழுமையாக, சேதமின்றி, பயன்படுத்திய அடையாளம் இல்லாமல் வெளிவந்தது. அதன் கலவையையும் அளந்து வெளியிட்டிருக்கிறார்கள்: செம்பு 75 விழுக்காடு, வெள்ளீயம் 7, காரீயம் 18. காரீயம் செம்போடு கரைந்து கலப்பதில்லை. சிறு சிறு திவலைகளாக உள்ளே தனித்து நிற்கும். அதனால் உருகிய உலோகம் அச்சின் மூலை முடுக்கெல்லாம் இலகுவாக ஓடும், ஆனால் இறுகிய பிறகு அடி தாங்காது. அழகாக வார்க்க வேண்டும், கடினமாகப் பயன்படுத்தப் போவதில்லை என்று நினைப்பவர் தேர்ந்தெடுக்கும் கலவை இது. தடியின் தலையாகவோ எறிகருவியாகவோ இதைப் பயன்படுத்தினார்கள் என்பவர்களுக்கு இந்தக் கலவையே பதில்.

அளவைக் கருவி என்னும் விளக்கங்கள் இன்னொரு கூட்டம். இத்தாலிய இயற்பியலாளர் அமேலியா ஸ்பராவிக்னா, பிரான்சின் ஜூப்லான் என்னும் இடத்தில் கிடைத்த பன்னிருமுகியை எடுத்துக்கொண்டு, எதிரெதிர்த் துளைகளின் வழியே தொலைவிலுள்ள கோல் ஒன்றைப் பார்த்தால் அதன் தூரத்தைக் கணிக்கலாம் என்று காட்டினார். வேறு ஒருவர் துளைகளில் விழும் வெயிலைக் கொண்டு குளிர்காலத் தானியம் விதைக்கும் நாளைக் கணிக்கலாம் என்றார். தண்ணீர்க் குழாய்களின் அளவு பார்க்க, காசுகளின் அளவு பார்க்க என்றும் சொல்வதுண்டு. இவற்றின் கணிதத்தில் குறை சொல்வதற்கு எதுவும் இல்லை. வேறு வேறு அளவில் பன்னிரண்டு துளைகள் உள்ள எந்தப் பொருளைக் கொடுத்தாலும் அதை வைத்து எதையாவது அளக்க ஒரு வழி கண்டுபிடித்துவிடலாம். அதுவே இங்கே சிக்கல். அளவை என்பது பலருக்கும் பொதுவாக இருக்க வேண்டும்; 130 பன்னிருமுகிகளில் பொது அளவு என்று எதுவும் இல்லை. உடலின் அளவும் வேறு, துளைகளின் அளவும் வேறு, துளைகளின் வரிசையும் வேறு.

ரோமானியர் அளவையில் எப்படி இருந்தார்கள் என்பது நமக்குத் தெரியாத விஷயம் இல்லை. அவர்களுடைய வெண்கல அடிக்கோல்கள் ஏறத்தாழ 29.6 சென்டிமீட்டர் நீளத்தில், பிரிவுக் கோடுகளோடு கிடைக்கின்றன. ரோம் நகரின் குடிநீருக்குக் கி.பி. 97-ல் பொறுப்பேற்ற ஃபிரான்டினஸ், குழாய்களின் அளவுகளை ஒவ்வொன்றாகப் பெயரிட்டுக் கணக்கெழுதி வைத்திருக்கிறார். நில அளவையாளர் பயன்படுத்திய குரோமா என்னும் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள்: அதைப் பற்றி நூல்களில் குறிப்பு உண்டு, வட இத்தாலியில் ஒரு நில அளவையாளரின் கல்லறைக் கல்லில் அதன் உருவம் செதுக்கப்பட்டிருக்கிறது, பொம்பேயில் ஒரு பட்டறையில் அதன் உலோகப் பாகங்களே கிடைத்தன. உண்மையான தொழிற்கருவி இப்படி மூன்று பக்கத்திலும் தடம் விட்டுச் செல்லும். பன்னிருமுகி எந்தத் தொழிலாளியின் கல்லறைச் சிற்பத்திலும் இல்லை, எந்த நூலிலும் இல்லை. இராணுவக் கருவி என்பதற்கும் ஆதாரம் மெலிது; கோட்டைகளில் கிடைத்ததுபோலவே ஊர்களிலும், பண்ணை வீடுகளிலும், கல்லறைகளிலும், காசுப் புதையல்களோடும் கிடைத்திருக்கின்றன.

விளக்குத்தண்டு என்பதை விரைவாகக் கடந்துவிடலாம். ஓரிரண்டில் மெழுகு ஒட்டியிருந்ததாகச் சொல்லப்படுவதால் எழுந்த கருத்து அது. ஒன்றில் மெழுகுவர்த்தி செருகியிருக்கலாம்; அதற்காகவே எல்லாவற்றையும் செய்தார்கள் என்று கொள்ள, பன்னிரண்டு அளவுத் துளைகளும் அடிப்பக்கத்துக் குமிழ்களும் தடை. பகடை என்பதும் அப்படியே. முகங்களில் எண் இல்லை என்பதோடு, துளைகள் சமமில்லாததால் எடையும் சமமில்லை. நேர்மையான பகடையாக உருளாது.

மீதி இருப்பது சமயம், சோதிடம், அண்டவியல் என்னும் பக்கம். என் சாய்வும் இந்தப் பக்கமே. ஆனால் இதில் எது சான்று, எது ஊகம் என்று பிரித்துச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். பிளேட்டோ தம் ‘திமாயஸ்’ நூலில் நெருப்பு, காற்று, நீர், நிலம் ஆகியவற்றுக்கு நான்கு திண்ம வடிவங்களைக் கொடுத்துவிட்டு, மீதமுள்ள ஐந்தாவதை இறைவன் அண்டம் முழுமைக்கும் பயன்படுத்தினான் என்கிறார்; அந்த ஐந்தாவது பன்னிருமுகி. கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் அதை இராசி மண்டலத்தோடு சேர்த்துப் பேசுகிறார். ஆக, பன்னிருமுகிக்கும் வானத்துக்கும் தொடர்பு என்னும் எண்ணம் அந்த உலகில் படித்தவர்களிடம் இருந்தது என்பது உறுதி. இதற்கு வலுச் சேர்ப்பதுபோல, 1982-ல் ஜெனீவாவில் புனித பீட்டர் பேராலயத்தின் அடியில் அகழ்ந்தபோது ஒரு சிறிய பன்னிருமுகி கிடைத்தது: உள்ளே ஈயம், மேலே வெள்ளித் தகடு, பன்னிரண்டு முகங்களிலும் பன்னிரண்டு இராசிகளின் பெயர்கள் இலத்தீனில்.

இதைக் கண்டவுடன் மர்மம் தீர்ந்தது என்று சொல்லத் தோன்றும். ஆனால் ஜெனீவாப் பொருள் உள்ளே கெட்டியானது. அதில் துளைகளும் இல்லை, குமிழ்களும் இல்லை. அதன் பொருளை நம்முடைய வெண்கலப் பன்னிருமுகிகள் மேல் ஏற்றுவது, இரண்டும் ஒரே வடிவம் என்ற ஒரே காரணத்தால்தான். இன்னொரு இடையூறும் உண்டு. ஜெர்மனியில் ஆர்லோஃப் அருகே கிடைத்து பான் நகர அருங்காட்சியகத்தில் இருந்த உள்ளீடற்ற வெண்கலப் பொருள் ஒன்று, பல ஆண்டுகள் பன்னிருமுகி என்றே எண்ணப்பட்டு வந்தது. 1990-களில் பென்னோ ஆர்ட்மன் என்னும் கணிதவியலாளர் அதற்கு 20 முக்கோண முகங்கள் இருப்பதைக் கவனித்தார். பன்னிரண்டு மாதம், பன்னிரண்டு இராசி என்று கட்டும் எந்த விளக்கமும் இந்த இருபதுமுகியைத் தனியாக எங்காவது வைக்க வேண்டும். அது விதிவிலக்கா, அல்லது நாம் பிடித்துக்கொண்டிருக்கும் எண்ணே தவறா என்று ஒரே ஒரு பொருளை வைத்துச் சொல்ல முடியாது.

கல்லறைச் சான்றுகளில் நான் மிகவும் மதிப்பது ஜெர்மனியின் கிரெஃபெல்ட்-கெல்லெப் என்னும் இடத்தில் கிடைத்தது. 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு பெண்ணின் கல்லறையில் பன்னிருமுகி இருந்தது, அதன் அருகில் எலும்பில் செய்த ஒரு கோலும் இருந்தது. கோலின் முனையில் பன்னிருமுகியைச் செருகிச் செங்கோல் போல ஏந்தியிருக்கலாம் என்று சிலர் கருதுகிறார்கள். அந்தப் பெண் பூசாரியா, குறி சொல்பவளா, செல்வக் குடும்பத்தில் பிறந்து அரும்பொருள் ஒன்றைத் தன்னோடு வைத்துக்கொள்ள விரும்பியவளா என்பதற்கு எலும்பும் வெண்கலமும் விடை சொல்லவில்லை. ஆயினும் இறந்தவரோடு வைத்தார்கள் என்பதும், வேறு இடங்களில் காசோடு சேர்த்துப் புதைத்தார்கள் என்பதும் அதற்கு இருந்த மதிப்பைக் காட்டுகின்றன. பெல்ஜியத்தில் கோர்டெசெம் என்னும் ஊரில் கிடைத்துத் தோங்கரன் நகரின் காலோ-ரோமானிய அருங்காட்சியகத்துக்கு வந்த துண்டையும் இங்கே சொல்ல வேண்டும். முழுமையாக இருந்தபோது 5 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் இருந்திருக்கும் பொருள் அது. வேண்டுமென்றே உடைத்திருக்கலாம், ஒரு சடங்கின் முடிவாகக்கூட இருக்கலாம் என்னும் கருத்தை அங்குள்ள வல்லுநர்கள் முன்வைத்தார்கள். உடைந்த விளிம்புகளை நேரில் பார்க்காமல் நான் அதை வழிமொழிய மாட்டேன். ஏர்க்கொழு பட்டும் வெண்கலம் உடையும். காரீயம் மிகுந்த வெண்கலம் இன்னும் எளிதாக உடையும்.

நூல்களில் ஒரு சொல்கூட இல்லாததற்கு, இது தடைசெய்யப்பட்ட மந்திர வேலைக்கான பொருள், அதனால் மறைத்து வைத்தார்கள் என்று காரணம் சொல்பவர்கள் உண்டு. பேரரசர் இரண்டாம் கான்ஸ்டான்டியஸ் கி.பி. 357-ல் குறி கேட்பதையும் சோதிடம் பார்ப்பதையும் தடுத்துச் சட்டம் போட்டது உண்மையே. ஆனால் பன்னிருமுகிகள் அதற்கு இருநூறு ஆண்டுகள் முன்பே தொடங்கிவிட்டன. 357-ஆம் ஆண்டுச் சட்டம் 2-ஆம் நூற்றாண்டின் மௌனத்துக்குக் காரணமாக முடியாது. அந்த மௌனத்துக்கு எளிமையான காரணம் ஒன்று எனக்குப் போதும் என்று தோன்றுகிறது. இன்று நம் கையில் இருக்கும் இலத்தீன், கிரேக்க நூல்களில் மிகுதியானவை மத்தியதரைக் கடலோர நகரங்களின் மேட்டுக்குடியினர் எழுதியவை. காலிய நாட்டின், அதாவது இன்றைய பிரான்சும் அதை ஒட்டிய பகுதிகளும் சேர்ந்த நிலத்தின், ஒரு கிராமத்துக் கோயிலில் என்ன செய்தார்கள் என்பதை எழுதி வைக்க அவர்களுக்குத் தேவை இருக்கவில்லை. அங்குள்ள துரூயிது குருமார் தங்கள் போதனைகளை எழுதி வைப்பது முறையல்ல என்று கருதியதாக ஜூலியஸ் சீசர் குறித்திருக்கிறார். ஆனால் அது கி.மு. முதல் நூற்றாண்டுச் செய்தி, பன்னிருமுகிகளுக்கும் அவர்களுக்கும் இடையே இரு நூற்றாண்டு இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியை நிரப்பச் சான்று இல்லாமல், துரூயிதுகளின் பொருள் என்று சொல்வதும் கையுறை என்று சொல்வதும் ஒரே தரத்தவையே.

சமயப் பொருள் என்று சொல்லும்போது ஒரு எச்சரிக்கையும் தேவை. பயன் புரியாத பொருளை எல்லாம் சடங்குக்குரியது என்று எழுதி அலமாரியில் வைத்துவிடும் பழக்கம் எங்கள் துறையில் உண்டு, அதை நீங்கள் சந்தேகிப்பது சரியே. ஆகவே என் நிலைப்பாட்டை இவ்வளவுக்குச் சுருக்கிக்கொள்கிறேன். அன்றாட உழைப்புக் கருவி இது என்பதற்கு எதிரான சான்று வலுவானது: தேய்மானம் இல்லை, பொது அளவு இல்லை, குறியீடு இல்லை, கலவை உழைப்புக்கு உகந்ததல்ல, செலவு மிகுதி. வடமேற்கு மாகாண மக்களிடையே மதிப்புப் பெற்றிருந்த, பார்ப்பதற்கோ ஏந்துவதற்கோ வைத்திருப்பதற்கோ உரிய பொருள் என்பது சான்றுகளோடு பொருந்தும் மிகக் குறைந்த விளக்கம். அதற்கு மேல் வானவியல், குறி பார்த்தல், குலச்சின்னம் என்று எதைச் சொன்னாலும் அது இன்றைக்கு ஊகமே. அவற்றுள் முதலாவதை மற்றவற்றைவிட ஒரு படி மேலே வைப்பேன். துளைகளின் அளவு ஏன் மாறுகிறது என்பதற்கு இந்தப் பக்கத்தில் இருப்பவர்களிடமும் மனநிறைவான விடை இல்லை.

உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதிக்கு, ஏன் இன்னும் தெரியவில்லை என்பதற்கு, பெரிய காரணம் இப்பொருள்கள் கிடைத்த விதம். 130-இல் கணிசமானவை 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் உழவர்களும் சேகரிப்பாளர்களும் எடுத்துக் கைமாற்றியவை. அண்மையில் கிடைத்த சில மெட்டல் டிடெக்டர் வைத்திருப்பவர்கள் மேல்மண்ணிலிருந்து எடுத்தவை. எந்தக் குழியில், எதனோடு, எந்த மண்ணடுக்கில் இருந்தது என்பது தெரியாத பொருள் தன் கதையில் பாதியை இழந்துவிடுகிறது. மீதிப் பாதியைத் தூய்மை செய்தவர்கள் இழக்கச் செய்தார்கள். பளபளவென்று காட்சிக்கு வைக்க வேண்டும் என்று அமிலத்திலும் தூரிகையிலும் தேய்த்துக் கழுவியபோது, உள்ளே ஒட்டியிருந்த மெழுகோ பிசினோ நூலிழையோ எண்ணெய்ப் படிவோ இருந்திருந்தால் அதுவும் போயிருக்கும். செம்பின் களிம்பு நுண்ணுயிரிகளைக் கொல்லும் என்பதால் வெண்கலத்தோடு ஒட்டியிருக்கும் நூலும் நாரும் மற்ற இடத்தைவிட நீண்ட காலம் தாக்குப்பிடிப்பதை எங்கள் பணியில் அடிக்கடி காண்கிறோம். கம்பளி இழை ஒன்று பன்னிருமுகியின் குமிழில் களிம்பாக மாறி ஒட்டிக் கிடந்திருந்தால் இன்றைய நுண்ணோக்கியில் அது தெரிந்துவிடும், நானும் கையுறைக் கட்சிக்கு மகிழ்ச்சியோடு மாறிவிடுவேன்.

நார்ட்டன் டிஸ்னியில் கிடைத்ததை நான் இவ்வளவு முக்கியமாகக் கருதுவது இதனால்தான். பிரிட்டனில் கிடைத்த 33-ஆவது பன்னிருமுகி அது. ஏறத்தாழ 8 சென்டிமீட்டர் அளவு, 254 கிராம் எடை. உள்ளூர் வரலாற்று, தொல்லியல் குழுவைச் சேர்ந்த தன்னார்வலர்கள் முறையாகத் தோண்டியபோது, ஒரு பெரிய குழியில், 4-ஆம் நூற்றாண்டு மட்பாண்டத் துண்டுகளோடு, வைத்த இடத்திலேயே அது இருந்தது. யாரோ அதை அங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள், தொலைந்து கிடந்ததுபோல் இல்லை. இனி இப்படி ஒன்று எங்கு வெளிப்பட்டாலும் அதைத் தண்ணீரில் நனைக்காமல், உள்ளே இறுகிய மண்ணை அப்படியே வைத்து, பெட்டியோடு ஆய்வகத்துக்குக் கொண்டுபோய், அந்த மண்ணைச் சிறுகச் சிறுக எடுத்துச் சோதிக்க வேண்டும். துளை விளிம்புகளையும் குமிழ்களின் கழுத்தையும் தூய்மை செய்வதற்கு முன்பே உருப்பெருக்கிப் படமெடுக்க வேண்டும். பத்துப் பன்னிருமுகிகளுக்கு இதைச் செய்ய வாய்த்தால், மெழுகா, நூலா, எண்ணெயா, வெறும் மண்ணா என்பது தெரிந்துவிடும், அதன் பிறகு இப்போது உலவும் விளக்கங்களில் பாதியைப் பற்றி நாம் பேசவே வேண்டியிருக்காது.